ஃபோன்லயும் திறந்துடுச்சு, எல்லாருக்கும் நன்றி

என் வீட்டு சர்வர் திறந்துடுச்சுங்க! கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல, ஃபோன்ல, அந்தப் பிடிவாதம் புடிச்ச போட்டோ பேக்கப் ஆப்லயும் திறந்துடுச்சு. எச்சரிக்கை இல்ல, சிவப்பு முக்கோணம் இல்ல, நேரா லாகின் பக்கம். (முகவரிக்குப் பக்கத்துல பூட்டுப் படம் வந்துடுச்சுன்னு எழுதலாம்னு பாத்தா, க்ரோம்ல 2023லயே அந்தப் பூட்டை எடுத்துட்டாங்க, பெருமையா ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடக்கூட வழியில்ல.) கம்ப்யூட்டர்ல ஒழுங்கா திறக்கும், ஃபோன்ல மட்டும் சர்ட்டிபிகேட் (இது அசல் சர்வர்தான்னு காட்டற அடையாளச் சான்று) சரியில்லைன்னு எச்சரிக்கை வரும், அதான் பிரச்சனை. அது எப்படியெல்லாம் இழுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், என் புலம்பல் பூராவையும் கேட்டவங்க நீங்கதான், அதை மறுபடி ஆரம்பிக்கலை. நன்றி சொல்லத்தான் வந்தேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அக்காவுக்கு. பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால அக்கான்னே இருக்கட்டும்.

எல்லாரும் எனக்கு பதில் சொன்னீங்க, அக்கா பதிலே சொல்லலை. "சர்ட்டிபிகேட் ஏத்துற பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு தம்பி"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அனுப்பினேன். அந்தப் பக்கத்துல மூணு கட்டம் இருக்கும், பிரைவேட் கீ (சர்வர் ரகசியமா வெச்சுக்கற சாவி), சர்ட்டிபிகேட், கடைசியா இன்டர்மீடியட் சர்ட்டிபிகேட். அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்துல மட்டும் சின்ன எழுத்துல 'விருப்பமிருந்தால்'னு போட்டிருக்கும். படத்தைப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம போயிட்டாங்க, சரி அவங்களுக்கும் புரியலை போலன்னு நெனச்சுட்டு இருந்தேன், ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு ஒரு மெசேஜ்: "என் சர்வர்லயும் அதே எரரை வரவெச்சுட்டேன் தம்பி. இப்ப எங்க வீட்ல எல்லாரும் போட்டோ போகலைன்னு கத்துறாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. நல்லா ஓடிட்டிருந்த தன்னோட சர்வர்ல அந்த இன்டர்மீடியட்டை வேணும்னே தூக்கிட்டு, என்னோடது மாதிரியே கெடுத்து வெச்சுப் பாத்திருக்காங்க! யாருன்னே தெரியாத ஒருத்தனுக்காக. "எனக்கு ஒழுங்கா வேலை செய்யுதே"ன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க.

அப்புறம் விளக்கினாங்க. நமக்கு சர்ட்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்டோட ரூட், அதாவது தலைமை சர்ட்டிபிகேட், நேரடியா நம்ம சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போடறதில்ல, நடுவுல ஒரு இன்டர்மீடியட் இருக்கு, அதுதான் நமக்குக் கையெழுத்துப் போடுது. ஃபோனுக்கு ரூட்டை மட்டும்தான் தெரியும். நடுவுல இருக்கறதை அனுப்பி வெக்க வேண்டியது நம்ம சர்வரோட வேலை. அனுப்பலைன்னா கம்ப்யூட்டர் பிரவுசர் தானே சமாளிச்சுக்கும், சர்ட்டிபிகேட்டுக்குள்ளயே இன்டர்மீடியட் எங்க கிடைக்கும்னு ஒரு முகவரி இருக்கு, அங்க போய் எடுத்துக்கும், இல்ல ஏற்கெனவே கையில இருக்கறதை வெச்சு நிரப்பிக்கும். ஆண்ட்ராய்டு ஆப் பெரும்பாலும் அந்த வேலையெல்லாம் செய்யாது, ஆளைத் தெரியலைன்னு கதவைச் சாத்திடும். கம்ப்யூட்டர்ல பச்சை, ஃபோன்ல சிவப்புங்கிற அந்த மர்மம் பூரா இவ்வளவுதான்.

சொன்னதோட விடலை, சர்வர் எந்தெந்த சர்ட்டிபிகேட்டை அனுப்புதுன்னு காட்டற கட்டளை, ஓப்பன்எஸ்எஸ்எல்ல எஸ்_கிளையன்ட், அதை ஓட்டி வர்ற அவுட்புட்டை அனுப்புன்னாங்க. சர்ட்டிபிகேட் செயின்னு போட்டு அதுக்குக் கீழ 0ன்னு ஒரே ஒரு ஆள், அது நம்ம சர்ட்டிபிகேட், இன்டர்மீடியட்டா வர வேண்டிய 1ஐக் காணோம், கடைசில வெரிஃபை ரிட்டர்ன் கோட் 21, சரிபாக்க முடியலைன்னு அர்த்தம். இன்டர்மீடியட் இருக்கிற செயின்.பெம் ஃபைலை அந்த 'விருப்பமிருந்தால்' கட்டத்துல போட்டு மறுபடி ஓட்டினேன், 0, 1 ரெண்டும் வந்துச்சு, ரிட்டர்ன் கோட் 0, ஓகே. அந்த ஓகேவைப் பாத்து நான் போட்ட சத்தத்துல வீட்ல எல்லாரும் எழுந்துட்டாங்க. அந்தக் கட்டத்துக்கு 'விருப்பமிருந்தால்'னு எழுதின புண்ணியவான் யாரோ, அவருக்கும் ஒரு கும்பிடு.

மத்தவங்களை மொத்தமா சேத்துச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெளியிலருந்து உள்ள வர்ற போர்ட் 80ஐ எல்லாம் திறக்காதே, டொமைன் நம்மளோடதுன்னு டிஎன்எஸ்ல ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு (ஒரு சின்ன எழுத்துப் பதிவு) போட்டே நிரூபிக்கலாம், சர்வர் இன்டர்நெட்டுக்கே தெரிய வேணாம்னு சொன்னவரு, சர்ட்டிபிகேட் எடுத்தா அந்தப் பேர் பொது லாக்ல ஏறிடும், யார் வேணா பாக்கலாம், அதனால வைல்டுகார்டா, அதாவது டொமைனுக்குக் கீழ வர்ற பேருக்கெல்லாம் பொதுவா, எடுத்துக்கன்னு சொன்னவங்க, ஒரே பேருக்கு வாரத்துக்கு 5 தடவைக்கு மேல தர மாட்டாங்க, முதல்ல ஸ்டேஜிங்ல, அதாவது அவங்க சோதனை சர்வர்ல, ஓட்டிப் பாருன்னு சரியான நேரத்துல கையைப் புடிச்சவரு, வெளி டொமைன் 192.168ன்னு வீட்டுக்குள்ள இருக்கற முகவரியைப் பதிலா குடுத்தா சில ரவுட்டர் அதைத் தடுக்கும்னு ரீபைண்டிங் செட்டிங்கைக் காட்டினவரு, எல்லாருக்கும் நன்றி. சொந்தமா சிஏ (சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போடற அமைப்பு) போட்டுக் குடுத்த தம்பிக்கும்தான். ஆண்ட்ராய்டு 7லருந்து நாம ஏத்தின சிஏவை ஆப் எல்லாம் தானா நம்பறதில்ல, அதனாலதான் அது கைகொடுக்கலை, உன் வேலைல குறையே இல்ல.

"வீட்டுக்குள்ளதானே, அட்வான்ஸ்டு போயி ப்ரொசீட் அமுக்கிட்டுப் போ"ன்னு சொன்னவங்களுக்கும் அக்கறை இருந்துச்சு, தெரியும், ஆனா அதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. அமுக்கினாலும் டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான் போகும், சரி, எதிர்ல இருக்கறது நம்ம சர்வர்தானான்னு எப்படித் தெரியும்? எச்சரிக்கை வந்தா அமுக்கிட்டுப் போன்னு வீட்ல எல்லாரையும் பழக்கிட்டா, நாளைக்கு பேங்க் பக்கத்துல நிஜமாவே வரும்போதும் அதே விரல்தான் அதே இடத்துல அமுக்கும்.

2015லருந்து காசு வாங்காம சர்ட்டிபிகேட் குடுத்துட்டிருக்கிற லெட்ஸ் என்கிரிப்ட்டுக்கும் ஒரு நன்றி, லாப நோக்கமில்லாத அமைப்பு, முடிஞ்சவங்க நன்கொடை குடுங்க, நானும் குடுக்கப் போறேன். இப்ப எடுத்தது 90 நாளைக்கு. முடியப் போகுதுன்னு முன்னெல்லாம் மெயில் வரும், 2025 ஜூன்ல அதையும் நிறுத்திட்டாங்க, அதனால தானா புதுப்பிக்கிற ஸ்கிரிப்ட்ல புது செயினையும் சேத்து ஏத்தற மாதிரி எழுதிட்டேன், நாள் நெருங்கினா எனக்கு மெசேஜ் வர்ற மாதிரி தனியா ஒண்ணு வெச்சுட்டேன். 2029 மார்ச்லருந்து எந்தப் பொது சிஏவா இருந்தாலும் அதிகபட்சம் 47 நாள்தானாம், கையால மாத்தறதெல்லாம் அப்ப நடக்கவே நடக்காது.

இன்னொண்ணு. இனிமே யாராவது இதே மாதிரி வந்து மாட்டிக்கிட்டா, "எனக்கு வேலை செய்யுதே"ங்கிற வரி என் வாயில வராது. பழைய மினி பிசி ஒண்ணு சும்மா கெடக்கு, கெடுத்துப் பாக்கறதுக்குன்னே அதை ஒதுக்கிட்டேன், எரரை மட்டும் முழுசா காப்பி பண்ணி அனுப்புங்க.

அக்கா, நீங்க உங்க சர்வர்ல அந்த இன்டர்மீடியட்டைத் திரும்பப் போட்டுட்டீங்கதானே?