உற்பத்தி நின்ற பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங் தராதது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உற்பத்தி நிறுத்தப்பட்ட 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு உதிரி பாகம் மறுக்கப்படுவது.

ஐயா,

உங்கள் அலுமினிய அலாய் ஃபிரேம் (அடிச்சட்டம்) கொண்ட பிஸ்டலை வைத்திருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மாடலை நிறுத்தியது உங்கள் வியாபார முடிவு, அதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே காசு வாங்கிக்கொண்டு விற்ற பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங்கூட இனி கிடையாது என்கிறீர்களே, புகார் அதைப் பற்றித்தான்.

கையேட்டின் பராமரிப்புப் பகுதியில், 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். உத்தரவாதப் பக்கத்தில், வேறு நிறுவனத்தின் பாகத்தைப் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்கிறீர்கள். இப்போது வந்த மின்னஞ்சலோ அசல் பாகம் கையிருப்பில் இல்லை, மறுபடி வராது என்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால், உங்கள் விதிப்படியே நடக்க நினைப்பவருக்கு வழி எங்கே?

இதைச் சில்லறைப் பாகம் என்று உங்கள் பதில் ஒதுக்குகிறது. சுட்டதும் பின்னால் பாயும் ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) வேகத்தைத் தணிப்பதும், திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து உருவி, அது வெடிக்கும் அறையான சேம்பருக்குள் தள்ளி முழுதாக மூடுவதும் அந்த ஒரு ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் முதல் அறிகுறி தரையில் தெரியும்: சுட்ட தோட்டாக்களின் காலி உறைகள் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய் விழும். அடுத்தது ஃபிரேமில். ஸ்லைடு வந்து மோதும் இடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாக மினுங்கும். பிறகு விளிம்பு நசுங்கிப் பிதுங்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் விரிசல். ஸ்பிரிங்கை மாற்றினால் முடிகிற காரியம், ஃபிரேமோடு பிஸ்டலையே கழித்துப்போடுவதில் போய் முடியும். சீரியல் எண் இருப்பதும் அந்த ஃபிரேமில்தான்.

தளர்ந்த ஸ்பிரிங் இன்னொரு தொல்லையும் தரும். ஸ்லைடு கடைசி இரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நின்றுவிடும். சேம்பரில் கரி படிந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் சேம்பரையும் காலி உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியையும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஸ்லைடு தடங்களில் எண்ணெய் விட்டு, தோட்டாவையும் மாற்றிப் பார்க்கிறோம். அதற்குப் பிறகும் நின்றால் பெரும்பாலும் காரணம் ஸ்பிரிங். ‘புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள்’ என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அறிவுரை சொன்னது. அந்தப் புதிய ஸ்பிரிங்கைத்தானே ஐயா கேட்கிறோம்!

கடையில் கிடைப்பதைப் போடலாமே என்று தோன்றலாம். இந்த மாடலில் ஸ்பிரிங் தட்டைக் கம்பியில் சுற்றப்பட்டு, அதன் நடுவே ஓடும் கைடு ராடிலிருந்து கழலாதபடி முனையில் பூட்டப்பட்டிருக்கிறது. அதே இடத்தில் உருண்டைக் கம்பி ஸ்பிரிங்கைப் போட்டால், ஸ்லைடு முழுதாகப் பின்னால் போவதற்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிவிடலாம். அப்போது ஸ்லைடைத் திறந்தபடி பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் இருக்கும் இடம்வரை ஸ்லைடு எட்டாது. கடைசித் தோட்டா போன பிறகு திறந்து நிற்காமல் மூடிக்கொள்ளும். விறைப்பான ஸ்பிரிங் போட்டாலோ ஸ்லைடு பாதியிலேயே திரும்பி, காலி உறை வெளியேறும் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். அல்லது மேகசின் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றும் முன்பே ஸ்லைடு வந்துவிட, தோட்டா மூக்கைக் கவிழ்த்து நிற்கும். பலர் இதற்குத் தோட்டாவைத் திட்டுகிறார்கள், பாவம் அது என்ன செய்யும்.

மேகசினிலும் இதே கதை. ஒவ்வொரு மேகசினின் அடியிலும் ஒரு எண் எழுதி வைத்து, எந்த எண்ணில் சிக்குகிறது என்று பார்த்தால் கோளாறு மேகசினிலா பிஸ்டலிலா என்பது பிடிபட்டுவிடும். பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகள் விரிந்திருக்கும். புதிய மாடலின் மேகசின் ஸ்பிரிங் இதற்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு உங்களிடமிருந்து ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தீர்கள். அது மாடலின் உற்பத்திக் காலம் என்று இப்போது விளக்குகிறீர்கள். இந்த விளக்கம் அட்டையில் எங்கும் இல்லை. இரவில் ஒளிரும், குறிபார்க்கும் சைட்டுகள் மங்குவதை நாங்கள் புகாராகச் சொல்லவில்லை. அவற்றை ஒளிரவைக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு, 25 ஆண்டில் கால்வாசி வெளிச்சம்தான் மிஞ்சும். இயற்கையாகத் தேய்வது எது, நிறுவனம் கைவிட்டது எது என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியும்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் பாலிமர் ஃபிரேம் மாடலைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். இருக்கும் மேகசினும் பிஸ்டலைச் செருகி வைக்கும் உறையும் அதற்குப் பொருந்தாது. பல நாடுகளில் உரிமம் சீரியல் எண்ணோடு கட்டுண்டது. பார்சலில் மாற்றிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

ஒரே ஒரு தொகுதி ரீகாயில் ஸ்பிரிங் செய்து கொடுங்கள். முன்பணம் கட்டத் தயார். அது முடியாதென்றால் ஸ்பிரிங்கின் அளவுகளையாவது வெளியிடுங்கள்: கம்பியின் அகலமும் தடிமனும், சுற்றுகளின் எண்ணிக்கை, தளர்நிலை நீளம், ஸ்லைடு மூடியிருக்கும்போதும் முழுதாகத் திறந்திருக்கும்போதும் தரும் விசை, உலோகத்தின் வகை. இவை கையில் இருந்தால் ஸ்பிரிங் செய்பவர்கள் செய்து தருவார்கள். அந்த அளவில் செய்த ஸ்பிரிங்கைப் போட்டதற்காக உத்தரவாதம் ரத்தாகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். எந்த நீளத்துக்குக் கீழே போனால் ஸ்பிரிங்கைத் தூக்கிப்போட வேண்டும் என்ற வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

30 நாட்களுக்குள் தொழில்நுட்பப் பிரிவின் கையொப்பத்தோடு பதில் வேண்டும். தள்ளுபடிக் கூப்பன் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிஸ்டலின் உரிமையாளர்கள்