காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை

கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடங்கள் நடத்துகிறவர்களுக்கும், தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையினருக்கும் வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் மூலம் உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு லேப்பில் தந்த ஒற்றைத்தாள் ரிப்போர்ட் பற்றித்தான் இந்த மடல். எந்த லேப் என்று சொல்லப் போவதில்லை. மாணவர்களும் அயலவர்களும் கொண்டுவந்து காட்டுகிற ரிப்போர்ட்டுகளை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன், எல்லாம் கிட்டத்தட்ட அதே அச்சுத்தான். ஒருவரை மட்டும் பிடித்துக் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது.

அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. ஒரு புதன்கிழமை காய்ச்சல் தொடங்கியது. பனடோல் கொடுத்தால் குறையும், பிறகு ஏறும். வகுப்பில் நாலைந்து பேருக்கு வந்த வைரஸ் காய்ச்சல்தானே என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். திங்கள் விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. இருந்தாலும் மனம் கேட்காமல் அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு லேப்புக்குப் போனார். கவுண்டரில் பெயர், வயது, போன் நம்பர் கேட்டார்கள். காசைக் கட்டினார், இரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிபோல எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, நெகட்டிவ் என்று வந்திருக்கு. டெங்கு இல்லையாம்."

அந்தத் தாளை அப்புறம் நான் பார்த்தேன். டெங்கு என்எஸ்1 அன்டிஜன், எதிரே நெகட்டிவ், கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவும் ஆங்கிலத்தில். 'டெங்கு இல்லை' என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை. நெகட்டிவ் என்ற சொல்லுக்கு அக்கா தானே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார். வேறு யார் எடுத்துச் சொல்ல இருந்தார்கள்?

பின்னேரம் வகுப்பு முடிந்து போய்ப் பார்த்தபோது பிள்ளை வாசலோரம் வெறும் தரையில் சுருண்டு கிடந்தான். வயிறு நோகுது என்றான். இரண்டு தரம் சத்தி எடுத்திருக்கிறான். அன்று சரியான புழுக்கம். அவன் கையைப் பிடித்தேன், குடத்துத் தண்ணீருக்குள் இருந்து எடுத்த கைபோல ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று அக்கா சீருடையை அயர்ன் பண்ணிக் கொழுவி வைத்திருந்தார்.

த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் உறைய உதவுகிற குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 41,000. ஆகக் குறைந்தது 150,000 இருக்க வேண்டும். இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு ஏறியிருந்தது. நீர்ப்பகுதி நாளங்களை விட்டு வெளியே கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சேலைன் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கூடினால் அது நெஞ்சுக்குள் போய்த் தேங்கும், குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். அதனால் மணிக்கு ஒரு தரம் சிறுநீரை அளந்து கட்டில் தலைமாட்டில் இருந்த தாளில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். புதன்கிழமை காலை "மாமா, பசிக்குது" என்றான். அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார்.

உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. இரத்தம் எடுத்த பிள்ளையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பாள். அன்று ஆறாம் நாள். அதை யாரும் கேட்கவில்லை, ரிப்போர்ட்டில் அதற்கு இடமும் இல்லை. என் முறைப்பாடு இவ்வளவுதான். ஆனால் இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டெங்கு வைரஸ் நம் கலங்களுக்குள் பெருகும்போது என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டுகிறது. அந்தப் பரிசோதனை தேடுவது இதைத்தான். பரிசோதனைத் தாள்பட்டையின் ஒரு முனையில் இரத்தத் துளியை விட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது தாளில் ஊர்ந்து போகும். போகிற வழியில் என்எஸ்1ஐப் பிடிக்கிற பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி, கிருமிகளைப் பிடிக்க உடம்பு செய்கிற புரதங்கள்) காத்திருக்கின்றன; ஒவ்வொன்றின் முதுகிலும் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள். தங்கம் அவ்வளவு நுண்ணிதாகும்போது மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். புரதத்தைப் பிடித்த தங்கம் சற்றுத் தள்ளி ஒரு கோட்டில் சிக்கிக்கொள்ளும். நாம் பார்க்கும் அந்தச் சிவப்புக் கோடு தங்கம்தான். அதற்கு அப்பால் இன்னொரு கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டுவதற்கு. இதை வகுப்பில் சொல்லும்போது பின்வாங்கில் தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும். இவ்வளவு அழகான ஒரு வேலையை ஒரு துண்டுக் கடதாசி செய்கிறது.

சரி, முதல் கோடு ஏன் விழாமல் போகிறது? டெங்கு வைரஸ் இல்லாவிட்டால் விழாது. காய்ச்சலின் முதல் மூன்று நான்கு நாட்களில் இந்தப் புரதம் நிறைய இருக்கும். ஐந்தைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும், அதனாலும் விழாமல் போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

டெங்கு நான்கு வகை. ஒரு வகை வந்து போனவரின் உடம்பில் அதன் நினைவைச் சுமக்கிற கலங்கள் இருக்கும். முதல் தடவை ஒரு கிருமியைச் சந்திக்கும்போது, அதற்குப் பொருத்தமான பிறபொருளெதிரியைத் தயாரிக்கிற கலம் தெரிந்தெடுக்கப்பட்டு, பெருகி, வேலைக்கு வர நாலைந்து நாளாகும். முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகைப் பிறபொருளெதிரி, பிறகு ஐஜிஜி என்ற வகை. இரண்டாம் தடவை அந்தத் தாமதம் இல்லை. நினைவுக் கலங்கள் ஐஜிஜியை அள்ளி இறைக்கும். அது என்எஸ்1 புரதத்தை முன்கூட்டியே போய்ப் பிடித்து மூடிவிடும். உங்கள் பட்டையில் இருக்கிற தங்கத்துக்குப் பிடிக்க இடம் மிஞ்சாது. கோடு விழாது. நெகட்டிவ்.

டெங்கு இரண்டாம் தடவை வேறு வகையாக வரும்போதுதான் உயிருக்கு ஆபத்து கூட. பழைய வகைக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரி புதிய வகையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்காது. ஒட்டிய வைரசை, கிருமிகளை விழுங்கி அழிக்கிற தின்குழியக் கலங்கள் வழக்கம்போலக் குப்பை என்று நினைத்து உள்ளே இழுக்கும். அந்தக் கலங்கள்தான் டெங்கு வைரஸ் பெருகுகிற வீடு. காவற்காரனே கதவைத் திறந்து விடுகிறான். ஆக, யாருக்கு ஆபத்து கூடவோ, அவரிடம்தான் இந்தப் பரிசோதனை தவறவும் கூடிய வாய்ப்பு இருக்கிறது.

2017ஐ நாம் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஓராண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு, நானூறுக்கு மேல் மரணம்; மாவட்டங்களில் கொழும்புக்குத்தான் முதலிடம். அதற்கு முந்திய வருஷங்களில் இங்கே பெரும்பாலும் ஓடித் திரிந்தது முதலாம் வகை. அந்த வருஷம் இரண்டாம் வகை மேலோங்கியது. நகரம் முழுக்கப் பழைய நினைவு இருந்த உடம்புகள், அவற்றுக்குள் புது வகை.

தடுப்பூசி ஏன் இல்லை என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். சின்னமுத்துக்கு (மீசில்ஸ்) ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் எம்எம்ஆர் போடுகிறோம், பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் போதும். சின்னமுத்து வைரஸ் எங்கே போனாலும் உடம்பின் கண்ணுக்கு ஒரே முகம்தான். டெங்குவுக்கு நான்கு முகம். நான்குக்கும் ஒரே அளவில் பாதுகாப்பு வராவிட்டால், ஊசியே முதல் டெங்குவின் வேலையைச் செய்துவிடக் கூடும். பிலிப்பீன்சில் அதுதான் நடந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்குத் தடுப்பூசி போட்ட பிறகு, முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசியால் கடும் டெங்கு வரும் ஆபத்து கூடலாம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. அதன் பின், இரத்தத்தைப் பரிசோதித்து முன்பு டெங்கு வந்தவர் என்று உறுதியானால் மட்டும் அந்த ஊசியைப் போடச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். 2023இல் இன்னொரு தடுப்பூசியை, டெங்கு அதிகம் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. நம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் டெங்குவுக்கு இன்னும் இடம் இல்லை. அதுவரை நமக்குத் துணை, நேரத்தோடு கண்டுபிடிப்பதும் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும்தான். இரண்டுக்கும் வழி உங்கள் கவுண்டரால்தான் போகிறது.

ஐஜிஎம், ஐஜிஜி ரிப்போர்ட்டையும் சொல்லிவிடுகிறேன். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் வரை இரத்தத்தில் நிற்கும். போன மாதத்து டெங்கு இன்றைய காய்ச்சலின் தலையில் விழலாம். ஐஜிஜி பொசிட்டிவ் என்று கண்டு ஒரு தாய் பதறி ஓடிவந்தார். அது பழைய தொற்றின் தடமாகவும் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் சொந்தக்காரன், அதற்கு நம் பிள்ளைகளுக்கு ஒரு வயதில் ஊசி போடுகிறார்கள், அந்தப் பிறபொருளெதிரியும் சில வேளை டெங்குப் பரிசோதனையில் வந்து குழப்பும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தாளை வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது.

டாக்டரிடம் காட்டினால் அவர் விளக்குவாரே என்பீர்கள். காட்டுகிறவர்களுக்குச் சரி. டாக்டர் சீட்டு இல்லாமலே டெங்கு டெஸ்ட் எடுத்துத் தருகிறீர்கள். நெகட்டிவ் என்று கண்டதும் பலர் டாக்டரிடம் போவதையே விட்டுவிடுகிறார்கள். ஒரு நாட்சம்பளத்தை இழந்து, டாக்டர் பீஸ் வேறு கொடுக்க வேண்டிய ஒருவர் அப்படி நினைப்பதில் பிழை காண என்னால் முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. கவுண்டரில் பெயரும் வயதும் கேட்கும்போது, காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது என்றும் கேளுங்கள். அதை எண்ணி, 'காய்ச்சலின் 6ஆம் நாள்' என்று முடிவுக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள். ஐந்தாம் நாளைத் தாண்டி வருகிறவரிடம், இந்தப் பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம், எப்.பி.சி.யும் (இரத்தக் கலங்களை எண்ணுகிற பரிசோதனை) எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் அடியில் சிங்களத்திலும் தமிழிலும் மூன்று வரி போடுங்கள். தமிழ் வரிகளை நானே எழுதியிருக்கிறேன்:

"நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று முடிவாகாது. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குப் பிறகு எடுத்தாலோ, முன்பு டெங்கு வந்திருந்தாலோ, டெங்கு இருந்தும் நெகட்டிவ் வரலாம். காய்ச்சல் விடுகிற நேரத்தில் வயிற்றுவலி, சத்தி, கை கால் குளிர்தல், தலைசுற்று, சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

சபையினரே, தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறீர்கள். டெங்குப் பரிசோதனைக்கும் எப்.பி.சி.க்கும் இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு வர்த்தமானியில் விலை போட்டது. விலைக்குக் கட்டளை போட முடிந்தால், மூன்று வரிக்கும் போடலாம். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், ஆள் கூட்ட வேண்டாம், கணினியில் உள்ள படிவத்தை ஒருவர் உட்கார்ந்து மாற்றினால் போதும். சிங்கள வரிகளை ஒரு வைத்தியர் பார்த்துத் திருத்தினால் நல்லது. தமிழ் வரிகளில் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள், என் பெயர் எங்கும் வேண்டாம்.

மே கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கும். ஜூன், ஜூலையில் உங்கள் கவுண்டர்களில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். அந்த வரிசை வருவதற்கு முன் இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு உயிரியல் ஆசிரியர்