உப்பு கடைசியில்தானே, இயா?

எ கு ஒஜோ மேத்தா, இயா. (இயா என்றால் யொருபா மொழியில் அம்மா.)

ஒரு வருஷம் பார்க்காமல் இருந்தாலும் 'மூன்று நாளாச்சே' என்றுதான் உங்கள் ஆட்கள் விசாரிப்பார்கள். இன்றைக்கு நீங்கள் போன வருஷ நாள். காலைப் பத்திரிகையில் உங்கள் படம் போட்டுக் கால் பக்கம் வந்திருக்கிறது. தலையில் நீல கெலேத் துணி கட்டிய அந்தப் படம்தான். வாசகம் முழுக்க இங்கிலீஷ்.

தமிழில் எழுதினால் நம் தெருவில் யாரும் படிக்க முடியாது என்று ஒரு காலத்தில் தைரியமாக இருந்திருப்பேன். இப்போது ஃபோனை நீட்டினால் எந்த எழுத்தும் இங்கிலீஷாகிவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் நீட்டுவார்கள். அதனால் அடக்கத்துக்கு முந்தின வாரம் உங்கள் வரவேற்பறையில் நடந்த பேச்சு இந்தக் கடிதத்தில் இருக்காது.

உங்கள் குரல் பதிவைப் பேத்தி அனுப்பியிருக்கிறாள், ஹூஸ்டனிலிருந்து. பதினொரு நிமிடம். அக்காரா வடை எப்படிச் சுடுவது என்று அவள் கேட்டதற்கு நீங்கள் அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே பேசி அனுப்பியது. இரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். கூடவே ஒரு வரி: 'ஆன்ட்டி, பாட்டி என்ன சொல்றாங்க?' யொருபாக் கிழவி பேசியதற்குப் பொருள் கேட்டு யொருபாப் பெண் கும்பகோணத்துக்காரியிடம் வந்து நிற்கிறாள். மூன்று வாரம் பதில் போடவில்லை. நேற்று ராத்திரி எழுதி அனுப்பிவிட்டேன். தப்பு இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'ஒரு டெரிக்கா பயறு' என்கிறீர்கள். தக்காளி விழுது வந்த டின்தான் நைஜீரியாவில், நம் லாகோஸ் சந்தையில், அளக்கும் படி. ஹூஸ்டனுக்கு அது எப்படிப் போகும்? அளந்து தராசில் வைத்தேன், முக்கால் கிலோவைத் தாண்டியது. தனி ஆளுக்கு அது அதிகம். அரைக் கிலோ காராமணி, கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளை ரகம் என்று எழுதினேன். மிளகாய்க்கு அட்டா ரோடோ இரண்டு. அங்கே கடையில் ஹபனேரோ என்று கேட்டால் அதற்குப் பக்கத்தில் ஒன்று கிடைக்கும். பெரிய வெங்காயம் ஒன்று, பாதி அரைக்க, பாதி பொடியாக நறுக்கிக் கலக்க.

தோல் உரிக்கும் இடத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன். முதல் ஊறல் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், தோல் சுருங்கினால் கையை விட வேண்டியதுதான். மறந்துபோய் ஊறவிட்டால் பயறு ஊதித் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து, தண்ணீர் ஊற்றி, மிதக்கும் தோலைச் சாய்த்து வடித்து, மறுபடி தேய்த்து, ஐந்தாறு தண்ணீர். கறுப்புப் பொட்டு தங்கினால் மாவில் புள்ளி விழும். உரித்த பருப்பு இன்னும் இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். ஆப்பிரிக்கக் கடையில் பயற்று மாவு பாக்கெட் இருக்கும், வாங்காதே என்று அடிக்கோடு போட்டேன். அதில் செய்தால் அக்காரா கல்லாகத்தான் வரும்.

அரைக்கும்போது மிக்ஸிக்குத் தண்ணீர் ஊற்றக் கை துடிக்கும். பிளேடு சுற்றினால் போதும், அதற்கு மேல் ஒரு கரண்டிகூடக் கூடாது. நம் தெரு மெஷின்காரர் அண்டா அண்டாவாகத் தண்ணீர் விட்டு அரைத்துத் தருவாரே, முன்னால் வந்தவரின் தக்காளி மிளகாய் வாசத்தோடு? அதற்காகத்தான் நீங்கள் உரலை விடவில்லை. உரலில் போட்டு உலக்கையால் ஒரே பக்கமாகக் கலக்கி அடிப்பது உளுந்து வடைக்கு எங்கள் பாட்டிகள் கையால் அடிப்பதேதான். காற்று ஏற வேண்டும். பத்து நிமிடம் அடித்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதக்காத மாவு எண்ணெயில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், எண்ணெயும் குடிக்கும்.

(அக்காரா என்றதும் அக்கார அடிசில் ஞாபகத்தில் இனிப்பு என்று நினைப்பவர்களுக்கு: இது காராமணி வடை. சனிக்கிழமைக் காலையில் ஓகியோடு சாப்பிடுவார்கள். ஓகி புளிக்கவைத்த மக்காச்சோளக் கூழ்.)

அடுத்து உப்பு. பதிவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், இயா.

2010. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஏழிலிருந்து பத்து மணி வரை லாகோஸே வீட்டு வாசலைப் பெருக்க வேண்டும், வண்டி ஓடாது, யாரும் வெளியே போக முடியாது. கட்டிடமே உங்கள் அடுப்படியில் இருந்தது. மாவை அடித்து முடித்துவிட்டீர்கள், உப்பு இன்னும் போடவில்லை. எண்ணெயில் வெங்காயத் துண்டு பொரிந்து மேலே வந்துவிட்டது. பேத்தி உள்ளே வந்தாள். ஐந்து வயது. இரண்டு முழங்காலையும் தரையில் வைத்து ஒழுங்காக மண்டியிட்டாள். வாயில் மட்டும் 'குட் மார்னிங், கிராண்ட்மா'. முட்டி யொருபா, நாக்கு இங்கிலீஷ்.

நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தீர்கள். 'எ காரோ மா' என்ற காலை வணக்கம் வரும் என்று. அந்த 'எ' எங்கள் 'நீங்கள்' மாதிரி. இங்கிலீஷில் அதற்கு இடமே இல்லை. அதனால்தான் லாகோஸ்காரர்கள் இங்கிலீஷ் பேசினாலும் வால்போல ஒரு 'மா', ஒரு 'சார்' ஒட்டிக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அந்த வாலும் இன்னும் வரவில்லை. எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

நான்தான் சொன்னேன். 'விடுங்க இயா, ஸ்கூல்ல வீட்டிலயும் இங்கிலீஷே பேசச் சொல்லி எழுதி அனுப்பியிருக்காங்க. நீங்களும் அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்க.'

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. 'ஓகே' என்றீர்கள். அப்புறம் குழந்தையிடம், 'ஓயா, கம் சாப்.' வா, சாப்பிடு. உங்களிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், அதிலும் பாதி யொருபா, மீதி பிஜின் என்கிற கலப்பு இங்கிலீஷ். உப்பை அள்ளிப் போட்டு, புகைந்த எண்ணெயிலேயே மாவை விட்டீர்கள். முதல் நாலும் வெளியே கறுப்பு, உள்ளே பச்சை மாவு. அந்த நாலையும் என் தட்டில் வைத்தீர்கள். தின்றேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பத்தியை ஆரம்பிக்கிறேன். ஆனால் நான் மட்டுமா சொன்னேன்? வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் என்பது அந்த ஒரு பள்ளியில் மட்டும் இல்லையே. (எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) நுழைவுத் தேர்வு இங்கிலீஷில். என் வேலை அவளை அதில் தேறவைப்பது. தேறவைத்தேன். 1970இல் இலெ-இஃபே ஊரில் கல்வியாளர் ஃபஃபுன்வா ஆறு வருஷமும் யொருபாவிலேயே பாடம் நடத்திக் காட்டினார், அந்தப் பிள்ளைகள் இங்கிலீஷிலும் பின்தங்கவில்லை. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். 2022இல் முதல் ஆறு வருஷம் தாய்மொழி என்று அரசு கொள்கை போட்டது, 2025 நவம்பரில் கல்வி அமைச்சரே அதை ரத்து செய்துவிட்டோம் என்று அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அரசாங்கமே என் பக்கம். அந்த ஆறுதலைத்தான் உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சரி, நீங்கள் மட்டும் என்னவாம்? பிபிசிக்காரி மாதிரி பேச வேண்டும் என்று குழந்தையைக் கையில் பிடித்து என் கதவைத் தட்டியது யார்? விருந்தாளி வந்தால் அவளை முன்னே தள்ளி இங்கிலீஷ் பாட்டுச் சொல்லச் சொன்னது யார்? பதினைந்து வருஷம் பக்கத்து வீடு. என்னை 'ஓயிபோ' என்றுதான் கூப்பிட்டீர்கள், வெள்ளைக்காரிக்குச் சொல்லும் அதே சொல். எனக்கு யொருபா வந்தது நீங்கள் சொல்லிக்கொடுத்து இல்லை. நீங்கள் மற்றவர்களோடு பேசியதை ஒட்டுக்கேட்டு வந்தது.

அந்த ஒட்டுக்கேட்ட யொருபாவை வைத்துக்கொண்டுதான் உங்கள் முதல் நாலு நிமிடத்தோடு மல்லுக்கட்டினேன். அதில் சமையலே இல்லை, பிரார்த்தனைதான். 'அதுரா' என்கிறீர்கள். அது அரபி 'துஆ'விலிருந்து வந்தது, உங்கள் ஆங்கிலிக்கன் சர்ச்சிலும் அதே சொல். 'அலாஃபியா'வும் அரபிதான். போதகரும் 'அலுஃபா', மசூதி இமாமும் 'அலுஃபா'. பிஷப் அஜாயி கிரவுதர் பைபிளை யொருபாவுக்குக் கொண்டுவந்தபோது முஸ்லிம்களின் வாயில் ஏற்கெனவே ஊறியிருந்த சொற்களை ஒதுக்கவில்லை. உங்கள் வீடு மாதிரிதான்: தங்கை ஹஜ் போய்வந்த அல்ஹாஜா, இலேயாவுக்கு, அதாவது பக்ரீதுக்கு, அவள் வீட்டு ஆட்டுக்கறி இங்கே வரும், கிறிஸ்துமஸ் ஜோலோஃப் சோறு அங்கே போகும். இதெல்லாம் 'பிரேயர்', 'பீஸ்', 'பாஸ்டர்' என்று இங்கிலீஷானதும் தங்கை தனி, நீங்கள் தனி. நீங்கள் 'ஆமின்' என்றதை நான் 'ஏமென்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அக்காராவே கிடைக்காமல் போனது உங்களுக்குத்தான். எழுபதைத் தாண்டியவர் போனால் கூடை கூடையாக அக்காரா சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பது பழக்கம். அது துக்கப் பண்டமில்லை, நிறைவாழ்வுக்கான பண்டம். நீங்கள் எத்தனை வீட்டுக்குச் சுட்டுப்போட்டீர்கள்! உங்களுக்கு எண்பத்தொன்று. அது பழைய மதம், செய்யக் கூடாது என்று முடிவாயிற்று. யார் முடிவு என்று எழுதமாட்டேன் என்று மேலேயே சொன்னேன். எல்லோரும் ஒரே நிறத்தில் அசோ எபி உடுத்தி வந்தார்கள், தட்டில் ஸ்மால் சாப்ஸ் வந்தது: பஃப் பஃப், ஸ்ப்ரிங் ரோல், சமோசா. சமோசா, இயா. எங்கள் நாட்டுப் பலகாரம் உங்கள் சாவுக்கு. நான் தொடவில்லை. அப்புறம் பசித்தது, இரண்டு தின்றேன்.

அடிமைக் கப்பலில் போனவர்கள் பிரேசிலின் பஹியாவில் இன்றும் அதே மாவை அடித்துச் சிவப்புப் பாமாயிலில் சுட்டு, 'அக்காராஜே' என்று கூப்பிட்டு விற்கிறார்கள். மொழி போயிற்று, 'அக்காரா தின்னு' என்ற கட்டளை மட்டும் பண்டத்தின் பெயராகத் தங்கிவிட்டது. பேத்தியிடமும் ஒரு யொருபாச் சொல் தங்கியிருக்கிறது. 'ஆன்ட்டி, நான் ஜாபா பண்ணினதிலிருந்து வடை மாதிரி எதுவுமே சாப்பிடலை' என்று எழுதுகிறாள். ஜாபா, ஓடித் தப்பு. வடை என் உபயம்.

எண்ணெய்க்கு வருகிறேன். நீங்கள் ஓசு ஊர் அக்காராதான் அக்காரா என்பீர்கள், இஃபே–இலேஷா சாலையில் பாமாயிலில் சுடுவது. அவளுக்குக் கடலை எண்ணெய் என்று எழுதினேன். பாமாயிலைப் புகையவிட்டால் அடுக்ககத்தில் அலாரம் அலறி அவள் பயந்துவிடுவாள். சட்டியில் நாலு விரல் உயரம் எண்ணெய், மிதமான சூடு, ஒரு நேரத்தில் ஆறுக்கு மேல் வேண்டாம். கரண்டியை எண்ணெய்க்குப் பக்கத்தில் தாழ்த்தி மாவை வழுக்கிவிட வேண்டும். மேலிருந்து போட்டால் தெறிக்கும், உருண்டையும் உடையும். பொன்னிறம் தாண்டிச் செம்மை வந்ததும் ஒரு திருப்பு.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில், மாவை அடித்து முடித்த பிறகு, கடைசியில் எதையோ போடச் சொல்கிறீர்கள். சரியாக அந்த இடத்தில் எண்ணெய் சீறுகிறது, சொல்லின் முதல் எழுத்து போய்விட்டது. 'யோ' மட்டும் கேட்கிறது. 'இயோ' என்றால் உப்பு. 'அயோ' என்றால் மகிழ்ச்சி. நாலு நிமிடம் பிரார்த்தனை செய்தவர் எதைச் சொல்லியிருப்பீர்கள் என்று இருபது முறை போட்டுக் கேட்டுவிட்டேன்.

உப்பு என்றே எழுதியிருக்கிறேன். ஒன்றேகால் தேக்கரண்டி, எண்ணெய் காய்ந்த பிறகு. முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்துவிடும்.