அந்த 1400-க்குக் காரணம் கிடைத்துவிட்டது

அன்புள்ள நண்பா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்தில் முதுகலை சேர்ந்தபோது நீ கேட்டாய்: “பன்னிரண்டு வருடம் சர்வரோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வகுப்பில் யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? ஒரு சான்றிதழ்த் தேர்வு போதாதா?” அன்று எனக்குப் பதில் வரவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது.

கிளையை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் புதிய வி.பி.என். போட்ட அந்த இரவை மறந்திருக்க மாட்டாய். கிளை சர்வருக்குள் நுழைய முடிகிறது, சின்னக் கட்டளைகளுக்கு உடனே பதில் வருகிறது, பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் அப்படியே உறைந்துவிடுகிறது. கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். விடிகிற நேரத்தில் தாடிக்காரர் வந்து, ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்புக்கு “1400 போடு” என்றார். போட்டோம், ஓடியது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதே கோளாறை ஆய்வகத்தில் வேண்டுமென்றே உண்டாக்கி, வலையில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தோம். 1500 பைட் பாக்கெட் கிளம்புகிறது. வி.பி.என். தன் தலைப்பையும் சேர்ப்பதால் அது வழியில் அடங்குவதில்லை. ‘பிரிக்காதே’ என்ற குறி இருப்பதால் ரூட்டர் அதைத் துண்டாக்காமல் கைவிட்டு, ‘சிறிதாக அனுப்பு’ என்று ஐ.சி.எம்.பி. (வலையின் பிழை அறிவிப்பு) செய்தி விடுகிறது. அதை ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது. அனுப்பிய கணினிக்கு ஒன்றும் தெரியாது. அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. திரையில் ஒரே வரிசை எண், கறுப்பின்மேல் சிவப்பாக, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு இடைவெளியில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘யாரும் பிங் செய்து சர்வரைத் தட்டிப் பார்க்கக் கூடாது’ என்று, பிங்கும் அதில்தான் போகிறது என்பதால் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்தவன் நான்தானே!

இந்தச் செய்தி எதற்கு என்று 1990-லேயே ஆர்.எஃப்.சி. 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லிவிட்டது. அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2000-ல் ஆர்.எஃப்.சி. 2923 ‘கருந்துளை’ என்று பெயர் வைத்தே எழுதியிருக்கிறது. நமக்கு ஓடினால் போதும் என்றிருந்தது. ஏன் ஓடுகிறது என்று உட்கார்ந்து பார்க்க அங்கே நேரம் ஏது? அந்த நேரத்துக்காகத்தான் சேர்ந்தேன் என்று இப்போது புரிகிறது.

எல்லாம் இனிப்பு என்று நினைக்காதே. வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு என்னைப் பிழிந்தெடுக்கிறது. ஆனாலும் எளிய ஒற்றை வரிசைக் கணக்கில், 50 விழுக்காடு சுமையில் ஒரு வேலை முடியும் சராசரி நேரம், காத்திருப்பே இல்லாதபோது ஆவதைப்போல இரண்டு மடங்கு, 90 விழுக்காட்டில் பத்து மடங்கு என்று கையாலேயே போட்டு விடை வந்தபோது, “இன்னும் பத்து விழுக்காடு மிச்சம் இருக்கிறதே” என்றவரிடம் நாம் தோற்ற வாக்குவாதம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது இருந்தால் தோற்றிருக்க மாட்டோம்.

பகலில் வேலை, இரவில் படிப்பு. மகளோடு ஞாயிறு மட்டும்தான். அது உறுத்துகிறது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய். நான் எழுதிய அந்த ஃபயர்வால் விதி இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே பார். இருந்தால் அந்த ‘சிறிதாக அனுப்பு’ செய்தியான ஐ.சி.எம்.பி. வகை 3, குறியீடு 4-ஐ அனுமதித்து, 1400-ஐ எடுத்துவிட்டு ஒரு பெரிய கோப்பை அனுப்பு. என்ன ஆனது என்று அன்றே எழுது.

உன்,
பழைய இரவுப்பணித் துணை