அம்மணிக்கு: அந்த டைனமோவைக் கழற்றி எறிந்துவிடாதே

அன்புள்ள அம்மணி,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அப்புச்சியின் அம்பாசிடர் நம் கோபித் தோட்டத்துச் சாளையில் மறுபடியும் உறுமுவதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. ரிங் மாற்றி, வால்வு உட்கார வைத்து, ஹெட் கேஸ்கட் போட்டு, ஒரு பொட்டு ஆயில் ஒழுகாமல் நீ என்ஜினை ஏற்றியிருக்கிற விதத்தை இங்கே கோயமுத்தூர் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன். முப்பது வருசம் ஸ்பேனர் பிடித்தவர்களே வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

சார்ஜ் ஏறவில்லை, சிவப்பு லைட் அணையவில்லை, காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். புதுப் பேட்டரியும் வாங்கியாகிவிட்டது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, என்ஜின் பெல்ட்டில் சுற்றிக் கரண்ட் உண்டாக்குகிற டைனமோ; அதே வேலைக்குப் பின்னால் வந்த வண்டிகளில் இருப்பது ஆல்டர்னேட்டர். "டைனமோவையெல்லாம் இப்ப யாருங்க வெச்சுட்டிருக்கறாங்க, கழட்டிப்போட்டு மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம்" என்று டவுனில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சரி சொல்வதற்கு முன்னால் இதைப் படி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். உன்னைப் போலப் பழைய வண்டியில் கை வைத்திருக்கிற பிள்ளைகள் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் உன்னைக் கேட்டுக்கொண்டு பொதுவில் எழுதுகிறேன்.

முதல் விஷயம்: உன் டைனமோ உயிரோடு இருக்கிறது. அதை நீ எடுத்த வீடியோவே சொல்கிறது.

சாவி போட்டதும் சிவப்பு லைட் பளிச்சென்று எரிகிறது. நீ மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அது மங்குகிறது, ஒரு நொடி அணைந்தே போகிறது. இன்னும் கொஞ்சம் கொடுத்ததும் திரும்ப எரிகிறது. வேகம் ஏற ஏற வெளிச்சமும் கூடுகிறது. லைட் அணையவே இல்லை என்று நீ எழுதியிருந்தாய். நடுவில் அது அணைந்து திரும்பிய அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த பல்பின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியில் இருக்கிறது. இன்னொரு பக்கம் டைனமோ கரண்டை வெளியே கொடுக்கிற டி முனையில். வண்டி நிற்கும்போது டி முனையில் வோல்ட் கிடையாது. பேட்டரியின் கரண்ட் பல்பைக் கடந்து, கார்பன் (தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டு) வழியாக ஆர்மேச்சருக்குள் (டைனமோவுக்குள் சுற்றும் பாகம்) போய், டைனமோ உடம்பு வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்புப் பாடிக்கு, இறங்குகிறது, லைட் எரிகிறது. என்ஜின் ஓடி டைனமோவும் பேட்டரி அளவுக்கு வோல்ட் கொடுத்தால் பல்பின் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், லைட் அணையும். அந்த நேரத்தில்தான் கட்-அவுட் என்கிற தானியங்கி சுவிட்ச் ஒட்டிக்கொண்டு டைனமோவை பேட்டரியோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டைனமோ வோல்ட் பேட்டரியைத் தாண்டி ஏறும். இப்போது பல்பில் கரண்ட் எதிர்த்திசையில் பாயும். பல்புக்குத் திசை தெரியாது, எரியும்.

ஆக, உன் டைனமோ வோல்ட் கொடுக்கிறது, பேட்டரியைத் தாண்டியே கொடுக்கிறது. கொடுத்தது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். டைனமோவே செத்திருந்தால் எவ்வளவு மிதித்தாலும் லைட் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருக்கும். டைனமோ தலைகீழான துருவத்தில் காந்தம் பிடித்திருந்தால், மங்காமல் முதலிலிருந்தே வெளிச்சம் கூடிக்கொண்டு போகும். உன்னுடையது இரண்டும் கிடையாது.

சரி, ஏன் போய்ச் சேரவில்லை? டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார். பட்டறையில் மொத்தப் பெட்டியையும் கட்-அவுட் என்றுதான் சொல்வோம். உள்ளே இரண்டு வேலைக்காரர்கள். ஒருவர் 13 வோல்ட் சுமாருக்கு வந்ததும் டைனமோவை பேட்டரியோடு சேர்க்கிற கட்-அவுட். இன்னொருவர் டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்குகிற பீல்டு காயிலுக்குப் போகிற கரண்டை வெட்டி வெட்டி வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர். இரண்டு பேருக்கும் மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் உண்டு. டைனமோவின் வோல்ட்டை அந்தக் காயில்கள் அளந்து பார்ப்பது டி முனைக்கும் ஈ முனைக்கும் நடுவில். ஈ என்பது எர்த். பெட்டியைப் பாடியில் முடுக்கிவிட்டதால் மட்டும் அதற்கு எர்த் வந்துவிடாது. ஈ முனையிலிருந்து பாடிக்குப் போகிற ஒற்றைக் கறுப்பு ஒயர்தான் எல்லாம். அது அறுந்தால் இரண்டு காயிலும் குருடாகிவிடும். கட்-அவுட் ஒட்டாது. ரெகுலேட்டரும் வெட்டாது, டைனமோ வோல்ட் கட்டுப்பாடே இல்லாமல் ஏறும். உன் லைட் அந்தளவு பிரகாசமாக எரிவதும் அதனால்தான். ரெகுலேட்டர் வேலை செய்து கட்-அவுட் மட்டும் ஒட்டாமல் இருந்தால் வோல்ட் 16 பக்கத்தில் நின்றுவிடும், லைட் மங்கலாகத்தான் தெரியும்.

இப்போது நீ அனுப்பிய போட்டோக்களில் நான்காவதை எடுத்துப் பெரிதாக்கிப் பார். என்ஜின் ரூமுக்கு நீ அடித்த புது வெள்ளைப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்தக் கறுப்பு ஒயரின் வளையம் அதே பெயிண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திருகு புதுசு, வாஷர் புதுசு, திருகின் மரையில்கூட வெள்ளை ஏறியிருக்கிறது. எங்கேயும் இரும்பு இரும்பைத் தொடவில்லை. என் கணக்கில் உன் சார்ஜிங் கோளாறு அந்த ஒரு திருகில் இருக்கிறது.

இதை நம்பு என்று சொல்லவில்லை, அளந்து பார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. ஒரு முள் ஈ முனையில், இன்னொன்று பேட்டரியின் எர்த் முனையில். என்ஜினை லேசாக ஏற்றிப் பிடி, ரேஸ் கொடுக்காதே. எர்த் நன்றாக இருந்தால் மீட்டர் சுழிக்குப் பக்கத்தில் நிற்கும். பத்துப் பன்னிரண்டு என்று எகிறினால் ஈ மிதக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு துண்டு ஒயரை எடுத்து ஈ முனையையும் பேட்டரி எர்த்தையும் நேராகச் சேர்த்துவிட்டு மறுபடி என்ஜினை ஓட்டு. லைட் அணைந்து அணைந்தபடியே இருந்து, பேட்டரி முனையில் வோல்ட் 13-க்கு மேல் ஏறினால் வேலை முடிந்தது. திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்டை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரைக்கும் தேய்த்து, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கு. மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் துரு பிடிக்காது. அதுவரைக்கும் வண்டியை ஓட்டாதே. கட்டுப்பாடில்லாத வோல்ட்டில் பீல்டு காயில் சூடேறி வெந்துவிடும்; நல்ல டைனமோவை நாமே கொன்றதாகிவிடும்.

பெட்டியின் மூடியை மட்டும் திறக்காதே. உள்ளே இருக்கிற பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங்கை வளைத்து "செட்டிங்" வைக்கிற பழக்கம் நம்மூரில் நிறைய. நன்றாக இருந்த பெட்டிகள் அப்படித்தான் கெட்டன.

ஒருவேளை ஈயைச் சேர்த்தும் லைட் அடங்கவில்லை என்றால், அப்போது டைனமோவையும் தனியாகச் சோதித்துவிடலாம். டி, எஃப் (பீல்டு காயிலின் முனை) இரண்டு ஒயரையும் டைனமோவிலிருந்து கழற்று. டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் சின்ன ஒயரால் ஒன்றாகச் சேர். மீட்டரை அந்த முனைக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் வைத்து என்ஜினை மெல்ல ஏற்று. வோல்ட் தடுமாறாமல் சரசரவென்று ஏற வேண்டும். 20-ஐத் தொடவிடாதே, உடனே விட்டுவிடு. ஒன்றுமே காட்டவில்லை என்றால் கார்பன் தேய்ந்திருக்கும், இல்லை கூட்டில் சிக்கியிருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் பீல்டு காயிலில் சந்தேகம். நாலு, ஐந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். பழைய வொர்க்‌ஷாப் மேனுவல்களில் இருக்கிற கணக்குதான் இது, இன்றைக்கும் பிசகுவதில்லை. ஒயரைத் திரும்ப மாட்டும்போது நிறத்தைப் பார்த்து மாட்டாதே. இத்தனை வருசத்தில் எத்தனை பேர் எந்த நிறத்தை இழுத்தார்களோ. மீட்டரில் தொடர்ச்சி பார்த்து, டி டிக்கும் எஃப் எஃபுக்கும் போகிறதா என்று உறுதி செய்துகொள்.

பெயிண்ட் அடித்த கை இன்னும் எங்கெல்லாம் போயிருக்கும் என்றும் யோசி. டைனமோ தாங்கியிருக்கிற பிராக்கெட், போல்ட் உட்காரும் இடம், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற பின்னல் பட்டை. கரண்ட் திரும்பி வருகிற வழி இவைதான். உன் வண்டியில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, அதனால் பட்டை நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பட்டையை மாட்ட மறந்த வண்டிகளில் செல்ஃப் மோட்டாரின் மொத்தக் கரண்டும் சோக் கேபிள் வழியாகப் போய் அது புகைந்து எரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை எந்தப் பக்கம் எர்த் கொடுத்து மாட்டினாய் என்று நீ எழுதவில்லை. அம்பாசிடர் பிறந்தது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து; அந்தக் காரில் பாசிட்டிவ் முனைதான் எர்த். நம் ஊர் வண்டிகள் எத்தனையோ கை மாறி, எத்தனையோ எலக்ட்ரீஷியனைப் பார்த்து, இரண்டு மாதிரியும் ஓடுகின்றன. டைனமோவுக்கு எதுவும் சம்மதமே, ஆனால் அதற்கேற்பக் காந்தம் பிடித்திருக்க வேண்டும். டைனமோவைக் கழற்றிக் காயில் கட்டினாலோ, எர்த் பக்கத்தை மாற்றினாலோ ஒருமுறை ஃப்ளாஷ் கொடுக்க வேண்டும். டைனமோ ஒயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் போதும். சின்னப் பொறி பறக்கும், பயப்படாதே. உனக்கு இப்போது இது தேவையில்லை.

ஃபேன் பெல்ட் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் அரை இன்ச் இறங்கினால் சரி. இறுக்கிக் கட்டினால் பின்பக்கத்து வெண்கல புஷ்ஷைத் தின்றுவிடும். அந்தப் பின்மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சர்வீஸுக்குச் சர்வீஸ் இரண்டு மூன்று சொட்டு ஆயில் விடு. அதற்கு மேல் விட்டால் கார்பனுக்கு ஆகாது.

இனி ஆல்டர்னேட்டர் விஷயம். அதை மாட்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க மலையேறுகிற வண்டிக்கும் ஏசி வைத்த வண்டிக்கும் அது வேண்டும். உனக்கு வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. உன் வண்டியில் இருக்கிற லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் கொடுக்கும். ஹெட்லைட் இரண்டுக்கும் 45 வாட் வீதம் 90 வாட், அதற்கு ஏழு ஆம்பியர் சுமார். இக்னிஷனுக்கு மூன்று, நான்கு. டெயில் லைட், மீட்டர் லைட் எல்லாம் சேர்த்து இரண்டு. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சத்தி ரோட்டில் போனாலும் பேட்டரிக்குக் கொடுக்க எட்டு, ஒன்பது ஆம்பியர் மிச்சம். ஐடிலிங்கில் மட்டும் டைனமோ பெரிதாக ஒன்றும் கொடுக்காது, அப்போது லைட் லேசாக மினுக்குவது அதன் குணம், கோளாறு இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எர்த்தைச் சரி செய்யாமல் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், சார்ஜ் ஏறியிருக்கும், டைனமோதான் கெட்டது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அப்புச்சி கையால் ஆயில் விட்ட நல்ல சாமான் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாமான் கிடைக்காதே என்று பயப்படாதே. நீ இருப்பது கொங்கு நாட்டில். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தது கோயமுத்தூரில். அதற்கப்புறம் கிணற்றுக்குக் கிணறு மோட்டார், ஊருக்கு ஊர் காயில் கட்டுகிற கடை. லோ வோல்ட்டேஜில் வெந்துபோன பம்புசெட்டுகளைக் கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர்கள். உன் ஆர்மேச்சரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பழைய சுற்றை எண்ணி, அதே கேஜ் கம்பியில் சுற்றித் தருவார்கள். புஷ் கடைந்து தர லேத் பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்.

அந்தப் புதுப் பேட்டரி இத்தனை தடவை முழுக்க இறங்கியிருக்கிறது. அதை டைனமோவே நிரப்பட்டும் என்று விடாதே. பேட்டரிக் கடையில் கொடுத்து நான்கைந்து ஆம்பியரில் நிதானமாக ஏற்றச் சொல். செல்லுக்குச் செல் ஆசிட்டின் கிராவிட்டி (அடர்த்தி எண்) 1.250-க்கு மேல் வந்த பிறகு கொண்டு வந்து மாட்டு. மாட்டும்போது எர்த் முனை கடைசியாக.

மூன்று எண் எனக்கு அனுப்பு: ஈ முனைக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு, திருகைத் தேய்த்து முடுக்கிய பிறகு எவ்வளவு, பேட்டரி முனையில் என்ஜின் ஓடும்போது எவ்வளவு. எண் சரியாக வந்துவிட்டால் அக்காவிடம் சொல்லிவை, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பவானிசாகர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம். வண்டியை நீதான் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன்.

அன்புடன்,
மாமா