பேரனின் கேள்விக்குத் திமிங்கிலத்தின் பதில்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் குரங்குகளாகவே இருக்கின்றன என்று உன் பேரன் மடக்கியதாக எழுதியிருந்தாய். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. நமக்கு மிக நெருங்கிய சிம்பன்சியின் வழியும் நம் வழியும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு இரண்டுமே மாறியிருக்கின்றன.

நிலத்தில் நடந்த விலங்குகளின் வழியில் வந்த திமிங்கிலத்தின் கதையை அவனுக்குச் சொல். புவியியலாளர் ரங்கா ராவ் ஜம்முவின் காலாகோட் பகுதியில் சேகரித்த, பழங்கால விலங்குகளின் எலும்புகள் புதைந்த பாறைகள், அவர் மறைந்த பின் அவருடைய மனைவியின் வழியாக அமெரிக்காவில் பணியாற்றிய தெவிசன் என்ற ஆய்வாளருக்குக் கிடைத்தன. அவற்றைச் செதுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் கைதவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட, உள்ளிருந்த காதெலும்பு வெளிப்பட்டது. அதன் உட்பக்கச் சுவர், அதுவரை திமிங்கில இனத்தில் மட்டுமே அறியப்பட்டிருந்த விதத்தில் தடித்திருந்தது! 2007இல் இந்த ஆய்வு வெளியானது. அந்த விலங்கின் பெயர் இந்தோஹையஸ்; சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சருகுமானை ஒத்த சிறிய குளம்பு விலங்கு.

அப்படியானால் இதுதான் திமிங்கிலமாக மாறியதா என்று பையன் கேட்பான். இல்லை, அது வாழ்ந்த காலத்தில் ஆதித் திமிங்கிலங்கள் ஏற்கெனவே இருந்தன. இதுவும் பங்காளிதான்.

என்னை அதிகம் அசைத்தது வேறொன்று. உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கியது நீர்யானை என்று மரபணு ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. பலர் அதை நம்பத் தயங்கிய நிலையில், பாகிஸ்தானில் கிடைத்த கால்களுடைய ஆதித் திமிங்கிலங்களைப் பற்றி 2001இல் வெளியான ஆய்வு, ஆடு, மான், பன்றி, நீர்யானை ஆகியவற்றுக்கே உரிய, இருபுறமும் கப்பி போன்ற கணுக்கால் எலும்பு அவற்றுக்கும் இருந்ததைக் காட்டியது. ஒன்றையொன்று சாராத இரு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லிவை. கடலுக்குப் போக ஆசைப்பட்டு எந்த விலங்கும் தன் காலைத் துடுப்பாக்கிக்கொள்ளவில்லை. பிறப்பிலேயே சிறு வேறுபாடுகளோடு வந்தவற்றுள் நீரில் சற்று எளிதாகப் பிழைத்தவை அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றன, அது பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது, அவ்வளவே.

சென்னைக்கு வந்தால் அவனையும் அழைத்து வா. எழும்பூர் அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டலாம்.

அன்புடன்,
இராமநாதன்