எந்த எழுத்துருவில் காட்டுகிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்: கோட் எடிட்டர் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் மேக், சர்வர் வேலைக்கு உபுண்டு லினக்ஸ். மூன்றிலும் நிரல் எழுத உங்கள் எடிட்டர்தான். செட்டிங்ஸ் எல்லாம் தானாகவே சிங்க் ஆகிவிடுகிறது, அதற்கு நன்றி. ஆனால் போய்ச் சேருவது எழுத்துருவின் பெயர் மட்டும்தானே? கன்சோலாஸ் விண்டோஸோடு வருவது, மென்லோ மேக்கோடு வருவது, உபுண்டுவில் இரண்டுமே கிடையாது. கேட்டது இல்லையென்றால் இல்லை என்று சொல்லாமல், சத்தமே போடாமல் வேறொன்றை எடுத்து மாட்டிவிடுகிறீர்கள்.

ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இது கண் உறுத்தல், அவ்வளவுதான். தமிழ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். கன்சோலாஸிலும் மென்லோவிலும் தமிழே இல்லை, அதனால் தமிழ் எழுத்தெல்லாம் எப்போதும் மாற்று எழுத்துருவில்தான் வரும்: விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யூஐ, மேக்கில் அதன் சொந்தத் தமிழ் எழுத்துரு, லினக்ஸில் லோஹித்தோ நோட்டோவோ, எது நிறுவப்பட்டிருக்கிறதோ அது. ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. வரி உயரத்தை நீங்கள் கணக்குப் போடுவதோ லத்தீன் (ஆங்கில) எழுத்துருவை வைத்து.

விளைவு என்ன தெரியுமா? போன வாரம் எங்கள் குழுவில் ஒருவர் உபுண்டுவில் சரிபார்த்துத் தந்த மொழிபெயர்ப்புக் கோப்பில், "கீழே உள்ள பொத்தானை அழுத்தவும்" என்பது "கிழே" என்று இருந்தது. அவர் கவனக்குறைவானவர் இல்லை. அவர் திரையில் எழுத்துகளின் உச்சி வெட்டுப்பட்டிருந்தது. கொக்கியின் தலை போய்விட்டால் கிகரமும் கீகாரமும் ஒன்றுதான். புள்ளியும் அப்படித்தான் பாதி காணாமல் போயிருந்தது. மேக்கில் திறந்த உடனே பிழை பளிச்சென்று தெரிந்தது. ஒரே கோப்பு, ஒரே எடிட்டர், ஒரே செட்டிங்ஸ்.

எந்த எழுத்துருவில் காட்டுகிறீர்கள் என்று ஓரமாக ஒரு வரி போட்டிருந்தால் அவரே பிடித்திருப்பார். இது முடியாத காரியமும் இல்லை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தால், கேட்ட எழுத்துரு எது, உண்மையில் பயன்பட்டது எது என்று காட்டுகிறது. உங்களில் பலர் குரோமுக்கு அடித்தளமான அதே குரோமியத்தின் மேல்தான் எடிட்டர் கட்டியிருக்கிறீர்கள்! ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டர் பல வருடங்களாகவே தமிழுக்குத் தனி எழுத்துரு வைத்துக்கொள்ள விடுகிறது, கர்சருக்குக் கீழே உள்ள எழுத்து எந்த எழுத்துருவில் வந்தது என்றும் சொல்கிறது.

அளவுக் கதை தனி. பாயின்ட் என்ற அச்சு அளவில் அளக்கும் எடிட்டர்களில் 12 என்று போட்டால், வழக்கமான 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) விண்டோஸ் திரையில் அது 16 பிக்சல், மேக்கில் 12. பார்ப்பவருக்குக் கண்ணில்தான் கோளாறோ என்று சந்தேகம் வரும். ஒரே செட்டிங்ஸ் கோப்புக்குள் விண்டோஸுக்கு இது, மேக்குக்கு இது, லினக்ஸுக்கு இது என்று எழுத்துருவையும் அளவையும் தனித்தனியாக எழுத விட்டால் என்ன? அதற்கு நேரமில்லை. யாரும் கேட்காத ஏஐ பொத்தான் மட்டும் அப்டேட்டுக்கு அப்டேட் புது இடத்தில் முளைக்கிறது, மூடினால் அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்து நலம் விசாரிக்கிறது. அதை வரைந்து மினுக்க ஆள் இருக்கிறது, எங்கள் கொக்கிக்கு நாலு பிக்சல் இடம் விட ஆள் இல்லை.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த எழுத்துருவில் காட்டுகிறீர்கள் என்று தெரியும்படி செய்யுங்கள், கேட்டது கிடைக்காவிட்டால் அறிவிப்பு ஒன்று கொடுங்கள், தமிழ் போன்ற எழுத்துகளுக்குத் தனி எழுத்துருவும் அளவும் வைக்க வழி விடுங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்ய முடியாதென்றால் முதலாவதை மட்டுமாவது அடுத்த பதிப்பில் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். சோதித்துப் பார்க்கத் தமிழ்க் கோப்புகள் வேண்டுமென்றால் கேளுங்கள், எங்களிடம் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
மூன்று கணினிகளிலும் தமிழ் எழுதுகிற ஒருவன்